ஜப்பான் பனி கிராமத்துல ஒரு குடும்பத்தோட வீட்ல தங்கப் போறீங்களா? புக்கிங்லேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும் செய்ய வேண்டியது

ஷிராகவா-கோ, கோகயாமா பக்கம் பனிக்காலத்துல குடும்பத்தோட போய், ஹோட்டல்ல தங்காம அந்த ஊர்க்காரங்க வீட்லயே தங்கணும்னு நெனைக்கிற நம்ம ஊர் ஆளுங்களுக்காக இதை எழுதுறேன். நாங்க தகவல் தேடினப்போ கெடைச்சதெல்லாம் ரெண்டே வகைதான். ஒண்ணு வெள்ளைக்காரங்க எழுதினது, அவங்களுக்கு விசாவே தேவையில்ல, மீன் சாப்பிடுவாங்க, பனியும் பழக்கம். இன்னொண்ணு டூர் பேக்கேஜ் விளம்பரம், அதுல அந்த ஊருக்கு பஸ்ல கூட்டிட்டுப் போய் ரெண்டு மணி நேரம் எறக்கி விட்டுட்டு திரும்பக் கூட்டிட்டு வந்துடுவாங்க. சென்னைலேர்ந்து சைவம் சாப்பிடுற பெரியவங்க, ஸ்கூல் போற பசங்களோட ஒரு குடும்பம் போய் ராத்திரி அங்க தங்கறது எப்படின்னு ஒரு இடத்துல கூட முழுசா இல்ல. துண்டு துண்டா சேர்த்துத்தான் போனோம், உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

இந்த மாதிரி வீடுகளுக்கு மின்ஷுகுன்னு பேரு. ஒரு குடும்பம் அவங்க வீட்ல சில ரூம்களை விருந்தாளிங்களுக்கு விட்டு, அவங்களே சமைச்சுப் போட்டு நடத்துறது. அந்த வீட்ல ராத்திரி சாப்பாடு பெரும்பாலும் ஆறு மணி, அதுக்கு மதியத்துலேர்ந்தே வேலை நடக்கும். அதனால ட்ரிப்போட பிளான் முழுக்க அந்த ஆறு மணியை வெச்சு பின்னாடி கணக்குப் போட்டு வரணும், பஸ், ஃப்ளைட், விசா எல்லாமே.

1. எந்த ஊர், எந்த மாசம்

ஷிராகவா-கோவுல எல்லாரும் படத்துல பாக்குற கிராமம் ஒகிமாச்சி, கிஃபு மாகாணத்துல இருக்கு. செங்குத்தான கூரை போட்ட பழைய வீடுங்க நூத்துக்கு மேல இருக்கு, பகல்ல கூட்டம் அலைமோதும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தங்குறவங்க மட்டும்தான். அதுக்கு வடக்க டொயாமா மாகாணத்துல கோகயாமா, அங்க ஐனோகுரான்னு இருபது வீடு மாதிரி இருக்கிற சின்ன கிராமம். ரெண்டுமே 1995-லேர்ந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். சின்னப் பசங்க, வயசானவங்களோட முதல் தடவை போறீங்கன்னா ஒகிமாச்சிதான் வசதி, பஸ் நேரா வரும், கிராமம் சமதளமா இருக்கும். அமைதிதான் வேணும்னா ஐனோகுரா, ஆனா அங்க பஸ் ஸ்டாப்லேர்ந்து கிராமத்துக்கு ஏறி நடக்கணும், பனியில பெட்டியோட அது கஷ்டம்.

மாசம்னா ஜனவரி நடுவுலேர்ந்து பிப்ரவரி வரைக்கும்தான் பனி நல்லா நிக்கும். நம்ம ஊர்ல அரையாண்டு லீவு டிசம்பர் கடைசில வர்றதால எல்லாரும் அப்பவே போகலாம்னு பாப்பாங்க, அது வேண்டாம்னுதான் சொல்வேன். டிசம்பர் 29-லேர்ந்து ஜனவரி 3 வரைக்கும் ஜப்பான் முழுக்க புத்தாண்டு லீவு, நிறைய மின்ஷுகு மூடியிருக்கும், மியூசியம் கடையெல்லாம் பாதி இருக்காது, ரயில்ல இடம் கெடைக்காது, ரேட்டும் அதிகம். பொங்கல் லீவோட முன்னாடியோ பின்னாடியோ கொஞ்சம் லீவு சேர்த்துப் போறது எல்லா வகையிலயும் நல்லது. ஸ்கூல்ல முன்கூட்டியே லெட்டர் குடுத்து வெச்சுக்கோங்க, விசாவுக்கும் அது உதவும்.

லைட்-அப்னு ஒண்ணு இருக்கு, ஜனவரி பிப்ரவரியில குறிப்பிட்ட சில நாள் மட்டும் சாயங்காலம் கிராமம் முழுக்க விளக்கு போடுவாங்க. அந்த நாளுங்களுக்கு முன்பதிவு இல்லாம உள்ளயே போக முடியாது, அன்னிக்கு வீடு கெடைக்கிறதும் குதிரைக்கொம்பு. முதல் தடவை போறவங்க அந்தத் தேதியைத் தவிர்த்துட்டு வேற நாள் எடுங்க. விளக்கு இல்லாத ராத்திரியில பனி வெளிச்சத்துலயே ஊர் தெரியும், அதுவும் அழகுதான்.

2. வீடு புக் பண்றது

முதல்ல வீடு, அப்புறம்தான் ஃப்ளைட். இந்த வரிசையை மாத்தாதீங்க. ஃப்ளைட் எப்படியும் கெடைக்கும், மூணு நாலு ரூம் இருக்கிற வீட்ல நாலு பேருக்கு இடம் கெடைக்கிறதுதான் கஷ்டம். அஞ்சாறு மாசம் முன்னாடியே தேட ஆரம்பிங்க. ஷிராகவா-கோ டூரிஸ்ட் அசோசியேஷன் வெப்சைட்ல வீடுகளோட பட்டியல் இருக்கும், சில வீடுங்க ஆன்லைன்லயே எடுக்கும், சில வீடுங்க ஃபோன்ல மட்டும்தான், அதுவும் ஜப்பானிய மொழியில. ஃபோன் மட்டும்னு இருந்தா அதுக்கு முன்ன பின்ன தங்கற டவுன் ஹோட்டல்ல மெயில் போட்டு உதவி கேட்டுப் பாருங்க, பல இடத்துல மறுக்காம செஞ்சு குடுப்பாங்க.

புக் பண்றப்போ கவனிக்க வேண்டியது: ரேட்டு ரூமுக்கு இல்ல, தலைக்கு. ராத்திரி சாப்பாடு, காலை சாப்பாடு ரெண்டும் சேர்த்துத்தான் பொதுவா சொல்வாங்க, பெரியவங்களுக்கு தோராயமா 12,000-லேர்ந்து 18,000 யென் வரைக்கும் பாத்தேன். பசங்களுக்கு வயசைப் பொறுத்து குறையும், தனிப் படுக்கை தனிச் சாப்பாடு வேண்டாத கைக்குழந்தைக்கு சில வீட்ல காசே வாங்க மாட்டாங்க. குளிர்காலத்துல ஹீட்டர் சார்ஜ்னு தலைக்கு சில நூறு யென் தனியா சேரும், அது ஆன்லைன் ரேட்ல பல நேரம் தெரியாது. பணம் பெரும்பாலும் கேஷ்தான், கார்டு எடுக்க மாட்டாங்கன்னே நெனைச்சுக்கிட்டுப் போங்க.

எல்லாரோட பேரு, வயசு, ஆணா பொண்ணா, எந்த பஸ்ல எத்தனை மணிக்கு வருவீங்க, இதெல்லாம் கேப்பாங்க. உண்மையைச் சொல்லுங்க. மூணு பேருன்னு சொல்லிட்டு நாலு பேரா போய் நிக்கிறது, ஆறு வயசுப் பையனை நாலு வயசுன்னு சொல்றது எல்லாம் இங்க செய்யவே கூடாது, ஏன்னா அத்தனை தட்டுக்குத்தான் அங்க சமைச்சிருப்பாங்க, அத்தனை மெத்தைதான் எடுத்து வெச்சிருப்பாங்க. இன்னொண்ணு, விசாவுக்குக் காட்டுறதுக்காக மூணு நாலு இடத்துல புக் பண்ணி வெச்சுட்டு அப்புறம் கேன்சல் பண்ற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. பெரிய ஹோட்டல்ல பண்ணா ஒண்ணும் ஆகாது. மின்ஷுகுல பண்ணா ஒரு குடும்பத்தோட அந்த வார வருமானமே போகும், அப்புறம் இந்தியாலேர்ந்து வர்ற புக்கிங்னாலே யோசிப்பாங்க. தயவுசெஞ்சு வேண்டாம்.

எத்தனை ராத்திரின்னா ஒண்ணு போதும், அதிகபட்சம் ரெண்டு. மிச்ச நாளுக்கு பக்கத்து டவுன் தகாயாமாவுல கிச்சன் இருக்கிற கெஸ்ட்ஹவுஸ் எடுத்துக்கோங்க, பெரியவங்களுக்கு ஒரு ரசம் சாதமாவது வெச்சுக் குடுக்கலாம்.

3. சாப்பாட்டு விஷயத்தை இப்பவே பேசிடுங்க

நான் இந்தக் கட்டுரை எழுதறதுக்கு முக்கியக் காரணமே இதுதான். அந்த ஊர் வீட்டுச் சாப்பாடுன்னா அந்தப் பகுதியோட ஹிடா மாட்டுக்கறி, நெருப்புல சுட்ட ஆத்து மீன், மலைக்கீரை, மிசோ சூப், தோஃபு, ஊறுகாய், சோறு. பாக்கறதுக்கு பாதி சைவம் மாதிரி தெரியும், ஆனா தாஷின்னு ஒரு அடிப்படைச் சாறு இருக்கு, கட்சுவோ மீனைக் காய வெச்சு சீவி எடுத்தது, அது மிசோ சூப்ல, கீரை வதக்கல்ல, தோஃபு மேல ஊத்துற குழம்புல எல்லாத்துலயும் இருக்கும். அவங்களைப் பொறுத்தவரைக்கும் மீன் துண்டு இல்லன்னா அது சைவம்தான், ஏமாத்தணும்னு யாரும் சொல்றதில்ல. அதனால வெஜிடேரியன்னு மட்டும் எழுதினா போதாது. மாடு, பன்றி, கோழி, மீன், இறால், மீன் தாஷி எது எது வேண்டாம், முட்டை பால் பரவாயில்லையா, வெங்காயம் பூண்டு எப்படின்னு ஒவ்வொண்ணா பிரிச்சு, ஆள் வாரியா எழுதி அனுப்புங்க. அசைவம் சாப்பிடுறவங்க ஆனா மாட்டுக்கறி மட்டும் வேண்டாம்னா அது ரொம்ப சுலபம், பெரும்பாலான வீட்ல மாத்திக் குடுத்துடுவாங்க.

தாஷி கூட ஆகாதுன்னா ரெண்டு வழிதான். ஒண்ணு, கொம்புன்னு கடற்பாசி தாஷியும் காளான் தாஷியும் இருக்கு, அதுல செஞ்சு தர முடியுமான்னு புக் பண்ணும்போதே கேளுங்க. இன்னொண்ணு, சாப்பாடு இல்லாம ரூம் மட்டும் எடுக்கிறது, இல்லன்னா காலை சாப்பாடு மட்டும். முடியாதுன்னு பதில் வந்தா அதை மரியாதையா எடுத்துக்கிட்டு வேற வீடு பாருங்க, வற்புறுத்தாதீங்க. அங்க போய் எறங்கினதுக்கு அப்புறம் சொல்றது மட்டும் கூடவே கூடாது, பக்கத்துல ராத்திரி திறந்திருக்கிற ஹோட்டலே அனேகமா இருக்காது, பெரியவங்க வெறும் சோத்தைச் சாப்பிட்டுட்டுப் படுக்க வேண்டியதுதான். "நிகு தோ சகானா தோ தாஷி வா தாபெராரேமாசென்", அதாவது கறி, மீன், தாஷி சாப்பிட முடியாது, இதை ஜப்பானிய எழுத்துல ஒரு அட்டையில அடிச்சு ஆளுக்கு ஒண்ணு கையில வெச்சுக்கோங்க, மத்த ஊர்லயும் உதவும்.

4. விசா

இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு விசா கண்டிப்பா வேணும். விசா மனு வாங்குற விஎஃப்எஸ் ஏஜென்சி மூலமா அப்ளை பண்ணணும், டூரிஸ்டுக்கு இப்ப ஸ்டிக்கர் இல்லாம இ-விசாவா வருது. விசா ஃபீஸ், சர்வீஸ் சார்ஜ் ரெண்டுக்கும் அப்ளை பண்ற அன்னிக்கு இருக்கிற ரேட்டைப் பாத்துக்கோங்க.

நேரம்தான் இதுல சிக்கல். சாதாரண சிங்கிள் என்ட்ரி விசா குடுத்த தேதிலேர்ந்து மூணு மாசத்துக்குள்ள ஜப்பான்ல எறங்கியாகணும். அதனால சீக்கிரமா முடிச்சுடலாம்னு அஞ்சு மாசம் முன்னாடி அப்ளை பண்ணா விசா காலாவதி ஆகிடும். ரொம்பக் கடைசில பண்ணாலும் கூடுதல் பேப்பர் கேட்டா மாட்டிக்குவீங்க. போற தேதிக்கு ஆறேழு வாரம் முன்னாடி குடுக்கிறது சரியா இருக்கும்.

பேப்பர்னு பாத்தா பாஸ்போர்ட், ஃபார்ம், வெள்ளைப் பின்னணியில சமீபத்துல எடுத்த ஃபோட்டோ, கவரிங் லெட்டர், ஃப்ளைட் ரிசர்வேஷன், தங்கற இடத்தோட புக்கிங், பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், ஆபீஸ்லேர்ந்து லீவு லெட்டர் இல்லன்னா சொந்த தொழில்னா அதோட ரிஜிஸ்ட்ரேஷன். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கோட்டை விடற இடம் நாள்வாரி அட்டவணை. தேதி, அன்னிக்கு என்ன பண்றீங்க, எங்க தங்கறீங்க, அந்த இடத்தோட விலாசம், ஃபோன் நம்பர், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதணும். மின்ஷுகுவோட விலாசமும் நம்பரும் புக்கிங் மெயில்ல சில நேரம் முழுசா இருக்காது, கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. அட்டவணையில இருக்கிற தேதியும் ஹோட்டல் புக்கிங்ல இருக்கிற தேதியும் ஃப்ளைட் தேதியும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகணும், ராத்திரி ஃப்ளைட்ல ஒரு நாள் தள்ளிப் போய் எறங்கறதை மறந்துட்டா மொத்த அட்டவணையும் ஒரு நாள் பிசகிடும்.

பசங்களுக்கு தனித்தனி ஃபார்ம், பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் லெட்டர். சின்னப் பசங்களோட பாஸ்போர்ட் அஞ்சு வருஷம்தான், அதை முதல்ல எடுத்துப் பாருங்க. அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் மட்டும் கூட்டிட்டுப் போனா இன்னொருத்தர்கிட்ட சம்மதக் கடிதமும் அவங்க பாஸ்போர்ட் காப்பியும் வேணும்.

மின்ஷுகுல காசு குடுத்துத் தங்கறவங்க டூரிஸ்ட்தான், வீட்டுக்காரங்ககிட்ட அழைப்புக் கடிதம் கேக்காதீங்க, அவங்களுக்கு அது புரியவே புரியாது. ஜப்பான்ல வேலை பாக்குற உங்க தம்பி, ஃப்ரெண்ட் வீட்ல தங்கறீங்கன்னா கதை வேற. அவங்க அழைப்புக் காரணக் கடிதம், செலவை அவங்க ஏத்துக்கறாங்கன்னா உத்தரவாதக் கடிதம், வார்டு ஆபீஸ்ல வாங்குற ஜூமின்ஹ்யோங்கற குடியிருப்புச் சான்றிதழ், வேலைச் சான்றிதழ், வரி சான்றிதழ் எல்லாம் தரணும். அதுக்கு அவங்க லீவு போட்டு அலையணும், ஒரு மாசமாவது டைம் குடுங்க.

இ-விசா வந்ததும் ஒரு விஷயம்: ஏர்போர்ட்ல அதை நெட் இருக்கிற ஃபோன்ல அந்த சைட்லயே திறந்து நேரா காட்டணும், பிரின்ட் அவுட், ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப் செல்லாது. வயசானவங்களோட விசாவையும் உங்க ஃபோன்லயே திறக்கிற மாதிரி லாகின் வெச்சுக்கோங்க, எறங்கின உடனே வேலை செய்யற இ-சிம் கெளம்பறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. அதோட விசிட் ஜப்பான் வெப்ங்கற ஜப்பான் அரசாங்க சைட்ல எல்லாரோட விவரமும் நிரப்பி க்யூஆர் எடுத்து வெச்சுட்டா இமிகிரேஷன், கஸ்டம்ஸ் ரெண்டுக்கும் ஃபார்ம் எழுதற வேலை மிச்சம்.

5. போய்ச் சேர்றது

சென்னைலேர்ந்து நேரடி ஃப்ளைட்டை நம்பி பிளான் போடாதீங்க, சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங், கொழும்புன்னு எங்கயாவது மாறித்தான் போகணும். எல்லாரும் டோக்கியோவுக்குத்தான் டிக்கெட் பாப்பாங்க, இந்த ட்ரிப்புக்கு நகோயாதான் பக்கம், சிங்கப்பூர் பாங்காக் வழியா நகோயாவுக்கு ஃப்ளைட் இருக்கு. அங்கேர்ந்து ஹிடா எக்ஸ்பிரஸ் ரயில்ல தகாயாமா ரெண்டரை மணி நேரத்துக்குள்ள, தகாயாமா ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துலயே பஸ் ஸ்டாண்ட், அங்கேர்ந்து நோஹி பஸ்ல ஷிராகவா-கோ 50 நிமிஷம். கனசாவா பக்கத்துலேர்ந்து வந்தா பஸ் ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல ஆகும்.

ரயில் பாஸ் விஷயத்துல ஒண்ணு. நாடு முழுக்கப் போற ஏழு நாள் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் 2023 அக்டோபர்ல 50,000 யென் ஆயிடுச்சு, இந்த ரூட்டுக்கு அது நஷ்டம். தகாயாமா-ஹோகுரிகு பாஸ்னு அஞ்சு நாள் பாஸ் இருக்கு, பெரியவங்களுக்கு சுமார் 20,000 யென், பசங்களுக்குப் பாதி, நகோயா, தகாயாமா, கனசாவா, ஓசாகா எல்லாம் வரும், ஷிராகவா-கோ பஸ்ஸும் அதுலயே அடங்கும். நகோயால எறங்கி ஓசாகால ஏறுற மாதிரி டிக்கெட் எடுத்தா முழுசா பயன்படும். ஆறு வயசுக்குக் கீழ இருக்கிற பசங்களுக்கு ஜேஆர் ரயில்ல தனி சீட் கேக்கலன்னா டிக்கெட் வேண்டாம்.

பஸ்ல சில சர்வீஸுக்கு ரிசர்வேஷன் கட்டாயம், சிலதுல வரிசையில நின்னு ஏறணும். ஒரு மாசம் முன்னாடி வாக்குல புக்கிங் திறக்கும், திறந்த அன்னிக்கே எடுத்துடுங்க. கையில பாஸ் இருந்தாலும் சீட்டை தனியா ரிசர்வ் பண்ணணும், இதைத்தான் நிறைய பேர் கவனிக்கறதில்ல. மதியம் ரெண்டு மூணு மணிக்கு ஊருக்குள்ள எறங்கற மாதிரி எடுங்க. கடைசி பஸ்ஸை நம்பாதீங்க, பனி கொட்டுச்சுன்னா ஹைவேயை மூடுவாங்க, பஸ் தாமதம், சில நாள் ரத்து. லேட் ஆகும்னு தெரிஞ்ச நிமிஷம் வீட்டுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லணும். இதே காரணத்துக்காக ஊருக்குத் திரும்பற ஃப்ளைட்டுக்கு முந்தின ராத்திரி மலையில இருக்கவே கூடாது, ஒரு நாள் முன்னாடியே நகோயாவுக்கோ ஓசாகாவுக்கோ வந்துடுங்க.

பெரிய பெட்டியை எல்லாம் தூக்கிட்டுப் போகாதீங்க. டக்யூபின்னு பெட்டி அனுப்பற சர்வீஸ் இருக்கு, நகோயா ஹோட்டல் ரிசப்ஷன்லயே குடுத்தா அடுத்து நீங்க தங்கற சிட்டி ஹோட்டலுக்கு போய்ச் சேர்ந்துடும், ஒரு பெட்டிக்கு 2,000-லேர்ந்து 3,000 யென். பனிக்காலத்துல ஒரு நாள் கூடுதலா ஆகலாம்னு கணக்கு வெச்சுக்கிட்டு, மருந்து, ஒரு செட் துணியை மட்டும் முதுகுப் பையில எடுத்துட்டு கிராமத்துக்குப் போங்க.

கார் எடுக்கலாமான்னா, இந்தியாவுல வாங்கின இன்டர்நேஷனல் பெர்மிட் ஜப்பான்ல செல்லும், அவங்களும் நம்மள மாதிரி இடது பக்கம்தான் ஓட்டுறாங்க. ஆனா பனியில ஓட்டின அனுபவம் இல்லாதவங்க ஜனவரியில அந்த மலை ரோட்டுல குடும்பத்தை வெச்சுக்கிட்டு ஓட்ட வேண்டாம். பஸ்ல போங்க.

6. மூட்டை கட்டறது

ராத்திரியில மைனஸ் அஞ்சு சாதாரணம், சில நாள் மைனஸ் பத்து வரைக்கும் போகும். ஒரே ஒரு தடிமனான ஜாக்கெட்டை விட அடுக்கு அடுக்கா போடறதுதான் சரி: உள்ள ஒரு தெர்மல், மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல காத்தும் தண்ணியும் புகாத ஜாக்கெட். தெர்மல் எல்லாம் ஜப்பான்லயே யுனிக்லோவுல நல்லதா கெடைக்கும், ஜாக்கெட் சென்னைல டெகாத்லான்ல பாத்துக்கலாம், ரெண்டு வருஷத்துல பசங்களுக்குச் சின்னதாயிடும்கறதால ஒரு தடவை போட்டவங்ககிட்ட கடன் வாங்கறதுதான் லாபம்.

காசு செலவு பண்ண வேண்டியது ஷூவுக்குத்தான். தண்ணி புகாத, கணுக்கால் மூடுற, அடியில நல்ல பிடிப்பு இருக்கிற ஷூ. சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ பத்து நிமிஷத்துல நனைஞ்சு கால் மரத்துப் போகும். வயசானவங்களுக்கு ஷூ மேல மாட்டிக்கற ஸ்பைக் அங்கயே வாங்கிடுங்க. வீட்டுக்குள்ள ஷூ கழட்டிட்டுத்தான் இருக்கணும்கறதால நல்ல தடிமனான சாக்ஸ் நிறைய எடுத்துக்கோங்க, ஷூவும் குனிஞ்சு அரை மணி நேரம் கயிறு கட்டற மாதிரி இல்லாம இருந்தா நல்லது. கைரோன்னு ஒட்டற சூட்டுப் பை எல்லா கடைலயும் கெடைக்கும், அதைத் துணி மேலதான் ஒட்டணும், தோல்ல நேரா ஒட்டினாலோ ஒட்டிக்கிட்டே தூங்கினாலோ பசங்களுக்குப் புண்ணாயிடும்.

மருந்துல ஜாக்கிரதையா இருங்க. சூடோஎஃபெட்ரின் அதிகமா கலந்த சளி மாத்திரை, கோடீன் இருக்கிற இருமல் சிரப் இதுக்கெல்லாம் ஜப்பான்ல கடுமையான கட்டுப்பாடு இருக்கு, நம்ம வீட்டு மருந்து டப்பாவுல இது சாதாரணமா கெடக்கும். ஒவ்வொண்ணா அட்டையைத் திருப்பிப் பாத்து எடுத்து வைங்க. பிரஷர், சுகர் மாத்திரை ஒரு மாசத்துக்குள்ள இருக்கிற அளவு, டாக்டர் சீட்டோட கைப்பையில.

சாப்பாட்டு சாமான்ல கறிவேப்பிலை, பழம், காய், பச்சை அரிசி பருப்பு எல்லாம் வேண்டாம், செடி நோய் இல்லங்கற சான்றிதழ் இல்லாம உள்ள விட மாட்டாங்க. கறி சேர்த்த எதுவுமே கூடாது, சிக்கன் சூப் பாக்கெட், சிக்கன் நூடுல்ஸ் உட்பட. புளிக்காய்ச்சல், தொக்கு, பருப்புப்பொடி இந்த மாதிரி எடுத்துட்டுப் போகலாம், கஸ்டம்ஸ்ல கேட்டா மறைக்காம காட்டிடுங்க. அரிசியும் தயிரும் அங்க எல்லா சூப்பர் மார்க்கெட்லயும் நல்லதா கெடைக்கும்.

வீட்டுக்காரங்களுக்கு சின்னதா ஒரு பரிசு எடுத்துட்டுப் போங்க. டிப்ஸ் வாங்கவே மாட்டாங்க, பணமா நீட்டினா சங்கடப்படுவாங்க. நல்ல முந்திரி, ஒரு பாக்கெட் டீத்தூள் இல்லன்னா டப்பாவுல அடைச்ச மைசூர்பாக் போதும்.

7. வீட்டுக்குள்ள போனதுக்கு அப்புறம்

வாசல்லயே ஷூவைக் கழட்டணும், பனியைத் தட்டிட்டு. உள்ள செருப்பு குடுப்பாங்க, ஆனா பாய் விரிச்ச ரூமுக்குள்ள அதையும் கழட்டிடணும், டாய்லெட்டுக்குன்னு தனிச் செருப்பு இருக்கும், அதைப் போட்டுக்கிட்டே வெளிய வந்துடாதீங்க. பாஸ்போர்ட் காப்பி எடுப்பாங்க, அது சட்டம், தயங்காம குடுங்க.

ரூமுக்கு ரூம் வெறும் சட்டத்துல பேப்பர் ஒட்டின தள்ளு கதவுதான், பூட்டு இருக்காது, பக்கத்து ரூம்ல இருமினா கேக்கும். பசங்க ஓடிப் பிடிச்சு விளையாடறது, வீடியோ கால்ல சத்தமா பேசறது எல்லாம் வேண்டாம், இந்தியாவுல அவங்களுக்கு மூணரை மணி நேரம் பின்தங்கின நேரம்னு தாத்தா பாட்டிக்கும் சொல்லி வைங்க. டாய்லெட், பாத்ரூம் பொதுதான். குளிக்கறது பல வீட்ல முறை வெச்சு ஒவ்வொரு குடும்பமா, உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கலாம், அதனால நம்ம வீட்டுப் பொம்பளைங்க பயப்பட வேண்டாம். முதல்ல வெளிய உக்காந்து சோப்பு போட்டு முழுசா குளிச்சுட்டு, அதுக்கப்புறம்தான் சுடுதண்ணித் தொட்டிக்குள்ள எறங்கணும், துண்டை உள்ள முக்கக் கூடாது, வெளிய வர்றப்போ தண்ணியைத் தொறந்து விட்டுடாதீங்க, அடுத்தவங்களும் அதே தண்ணியிலதான். ஊர்ல இருக்கிற பொது வெந்நீர் குளியல் இடத்துக்குப் போனீங்கன்னா அங்க ஆண் பெண் தனித்தனி, ஆனா துணியில்லாமதான் எல்லாரும் குளிப்பாங்க, இஷ்டம் இருந்தா போங்க.

நெருப்பு விஷயத்துல மட்டும் கொஞ்சமும் விளையாடக் கூடாது. கூரை முழுக்க காஞ்ச புல்லு, ஒரு பொறி போதும், பக்கத்து வீடும் சேர்ந்து எரியும். ஊதுபத்தி, சாம்பிராணி, விளக்கு எதையும் ஏத்தாதீங்க, பொங்கல் அன்னிக்கே அங்க இருந்தாலும் சாமி கும்பிட கையெடுத்தா போதும். மண்ணெண்ணெய் ஹீட்டர் இருக்கும், எப்படிப் போடறது நிறுத்தறதுன்னு அவங்க காட்டுவாங்க, கவனிச்சுக்கோங்க. அது மேல துணி காயப் போடக் கூடாது, அப்பப்போ கதவைக் கொஞ்சம் தொறந்து காத்து விடணும், தூங்கறப்போ அணைச்சுடணும். அணைச்சா குளிரும்தான், அதுக்குத்தான் கனமான ரஜாய் அடுக்கி வெச்சிருப்பாங்க, கூடவே தெர்மலோட தூங்குங்க. ராத்திரியில சிங்க்ல குழாய் லேசா ஒழுகற மாதிரி விட்டிருந்தா அது பைப் உறைஞ்சு போகாம இருக்கறதுக்காக, தண்ணி வீணாகுதேன்னு மூடிடாதீங்க.

சாப்பாட்டுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே போய் உக்காருங்க. வீட்டம்மாகிட்ட ஃபோன் டிரான்ஸ்லேட்டர் வெச்சே நிறைய பேசலாம், எங்க பசங்க அவங்க பேரப் பசங்க பேரு, ஸ்கூலு வரைக்கும் கேட்டுட்டாங்க, அந்தப் பேச்சுக்காகத்தான் இத்தனை சிரமப்பட்டு ஹோட்டலை விட்டுட்டு வீட்டுக்குப் போறோம். சாப்பிட்டு முடிச்சதும் "கொச்சிசோசாமா தெஷிதா", அதாவது சாப்பாட்டுக்கு நன்றின்னு சொல்லுங்க, அவங்க முகத்துலயே தெரியும்.

8. பனியில நடக்கறப்போ

கூரைக்குக் கீழ நிக்காதீங்க, நடக்காதீங்க, ஃபோட்டோ எடுக்காதீங்க. அந்தக் கூரைலேர்ந்து பனி மொத்தமா சரிஞ்சு விழும், ஆளை மூடிடற அளவுக்கு இருக்கும், சத்தம் வர்றதுக்குள்ள விழுந்துடும். வெயில் அடிக்கிற நாள்தான் இது அதிகம். ரோட்டோரமா ஓடற வாய்க்காலும் பனிக்குள்ள மறைஞ்சிருக்கும், பசங்களை கால் தடம் இருக்கிற பாதையிலயே நடக்கச் சொல்லுங்க. பனி மனுஷன் செய்யணும்னா வீட்டுக்காரங்ககிட்ட எங்க செய்யலாம்னு கேட்டுட்டு செய்யட்டும், நல்லா சமதளமா தெரியற இடம் யாரோட வயலாவோ குளமாவோ இருக்கலாம்.

சுத்தி இருக்கிறதெல்லாம் ஆளுங்க குடியிருக்கிற வீடு, ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறது, முற்றத்துக்குள்ள போறது வேண்டாம். குப்பைத்தொட்டி வெளிய இருக்காது, ஒரு கவர் எடுத்துட்டுப் போய் கையோட கொண்டு வந்துடுங்க. அஞ்சு மணிக்கு கடையெல்லாம் மூடிடும், பசங்களுக்கு பிஸ்கட், பால், பெரியவங்களுக்கு வாழைப்பழம் எல்லாம் தகாயாமாலயே வாங்கிடுங்க.

9. செலவு

ஒரு யென் 60 பைசா வாக்குல வெச்சுக்கறேன். ரெண்டு பெரியவங்க, ப்ரைமரி ஸ்கூல் படிக்கிற ரெண்டு பசங்கன்னா மின்ஷுகு ஒரு ராத்திரிக்கு ரெண்டு வேளை சாப்பாட்டோட 45,000-லேர்ந்து 50,000 யென் வரும், அதாவது 27,000-லேர்ந்து 30,000 ரூபாய். அதிகமாத் தெரியும், ஆனா அதுல ராத்திரி சாப்பாடு, காலை சாப்பாடு, படுக்கை எல்லாம் அடக்கம். அஞ்சு நாள் பாஸ் நாலு பேருக்கும் சேர்த்து சுமார் 60,000 யென், 36,000 ரூபாய். ஃப்ளைட் ஆளுக்கு 45,000-லேர்ந்து 70,000 ரூபாய்க்குள்ள எப்ப எடுக்கறீங்கங்கறதைப் பொறுத்து. மிச்ச ராத்திரிகளுக்கு கெஸ்ட்ஹவுஸ், சாப்பாடு, குளிர் துணி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தா எட்டு ஒன்பது நாளுக்கு நாலரைலேர்ந்து அஞ்சரை லட்சத்துக்குள்ள நாலு பேருக்கு முடிக்கலாம். டூர் பேக்கேஜை விட இது மலிவுன்னு சொல்ல மாட்டேன், காசு போற இடம் வேற.

கேஷ் தகாயாமாவுலயே எடுத்துடுங்க, செவன்-இலெவன் ஏடிஎம், போஸ்ட் ஆபீஸ் ஏடிஎம் ரெண்டுலயும் நம்ம கார்டு வேலை செய்யும், கெளம்பறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல வெளிநாட்டு உபயோகத்தை ஆன் பண்ணி வைங்க. மின்ஷுகு பணம், ஹீட்டர் சார்ஜ், அதுக்கு மேல ஒரு 20,000 யென் கையில இருக்கட்டும்.

10. ஏதாவது ஆச்சுன்னா

ஜப்பான் விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் கேக்க மாட்டாங்க, ஆனா எடுக்காம போகாதீங்க, பனியில வழுக்கி கை உடைஞ்சா ஆஸ்பத்திரி பில் தாங்காது. ஏற்கெனவே இருக்கிற பிரஷர், சுகர், ஹார்ட் பிரச்சனை கவர் ஆகுதான்னு பெரியவங்க பாலிசியைப் படிச்சுப் பாத்து எடுங்க, மலிவான பாலிசிகள்ல பல நேரம் ஆகாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு 119, போலீஸ் 110. 050-3816-2787ன்னு வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஹாட்லைன் இருக்கு, ராத்திரி பகல் எப்பவும் இங்கிலீஷ்ல பேசுவாங்க, எந்த டாக்டர்கிட்ட போறதுங்கறது வரைக்கும் சொல்வாங்க. கிராமத்துல ராத்திரியில உடம்பு சரியில்லன்னா முதல்ல வீட்டுக்காரங்களை எழுப்புங்க, தொந்தரவா நெனைப்பாங்களோன்னு காலை வரைக்கும் காத்துட்டு இருக்காதீங்க. எந்த டாக்டர், ரோடு திறந்திருக்கா, எவ்வளவு நேரம் ஆகும்னு அவங்களுக்குத்தான் தெரியும். இன்சூரன்ஸ் நம்பர், மாத்திரை லிஸ்ட், எல்லாரோட ரத்த வகை, மின்ஷுகு விலாசம் ஜப்பானிய எழுத்துல, இந்த நாலையும் ஒரு பேப்பர்ல எழுதி ஆளுக்கு ஒரு காப்பி ஜாக்கெட் பாக்கெட்ல போட்டு விடுங்க, குளிர்ல ஃபோன் சார்ஜ் சீக்கிரமா எறங்கிடும்.